மூன்றாவது செட்டில் ஏன் இறக்கினார்கள்?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): சார், என் மகளுக்கு 16 வயது. பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். சீசன் ஆரம்பத்தில் நான்கு பக்க விதிமுறைத் தாள் கொடுத்து எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் பயிற்சிக்கு வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டுமாம். சீசன் முடியும்வரை வெளி கிளப்பில் ஆடக் கூடாதாம். ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் வரை பெற்றோர் கோச்சிடம் பேசக் கூடாதாம், அதற்கு அப்புறமும் யாரை எவ்வளவு நேரம் ஆட வைத்தார் என்று கேட்கக் கூடாதாம். போன வாரம் செவ்வாய்க்கிழமை தலைவலி என்று படுத்துவிட்டாள், முந்தின நாள் பயிற்சியில் இன்னொரு பெண்ணோடு மோதிக்கொண்டதில் வந்த வலி. பயிற்சிக்குப் போகவில்லை, சொல்லவும் மறந்துவிட்டோம். வியாழக்கிழமை ஆட்டத்தில் இரண்டு செட் உட்கார வைத்துவிட்டு மூன்றாவது செட்டில்தான் இறக்கினார். அணி தோற்றது. நான் இறங்கிப் போய் கோச்சிடம் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு நான் அரங்குக்குள் வரக் கூடாது என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தனி கோச்சிங், ஜிம்மில் சொன்ன பவுடர் என்று அவளுக்காக எவ்வளவோ செய்கிறேன். ஏழு ஆட்டத்தில் என் பெண் ஆடியது மொத்தம் 41 பாயிண்ட், எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அவளே என்னோடு பேசுவதில்லை. தலைமை ஆசிரியரிடம் புகார் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக இரண்டு வரி அனுப்பியிருந்தேன், முதலில் மகளை டாக்டரிடம் காட்டுங்கள், புகாரை அப்புறம் பார்க்கலாம் என்று. காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் காட்டவில்லை என்றால் இதை இங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள், இந்தப் பதில் எங்கேயும் ஓடிப் போகாது.

உங்கள் கோபமெல்லாம் முதல் இரண்டு செட்டின் மேல் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது மூன்றாவது செட்டின் மேல். திங்கட்கிழமை மோதல், செவ்வாய்க்கிழமை எழுந்திருக்க முடியாத தலைவலி, வியாழக்கிழமை ஒரு பெண்ணைத் தளத்தில் இறக்குகிறார்கள், யாரும் அவளை ஒரு டாக்டரிடம் காட்டியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. தலைவலியை நீங்கள் எழுதியிருப்பதே 'வராததற்குக் காரணம் இருந்தது சார்' என்று வாதாடுவதற்காகத்தான். நான் பள்ளி அணிகளுக்கு இருபது வருஷம் கோச்சாக இருந்து, இப்போது விளையாடும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆலோசனை சொல்வதையே வேலையாகச் செய்கிறவன். இந்தக் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் அதுதான்.

தலையில் அடி என்றதும் நாம் மண்டை உடைந்து ரத்தம் வருவதையும் மயங்கி விழுவதையும்தான் நினைக்கிறோம். மண்டைக்குள் மூளை குலுங்கி வருகிற காயத்தை மூளை அதிர்ச்சி (கன்கஷன்) என்பார்கள், அதில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. நேரடியாகத் தலையில் படக்கூட வேண்டியதில்லை, தோளும் தோளும் மோதி கழுத்து வெடுக்கென்று திரும்பினாலும் மண்டைக்குள் மூளை குலுங்கும். அறிகுறிகள் உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம், மறுநாளும் வரலாம். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, சத்தம் பிடிக்காமல் போவது, பாடத்தில் ஒரே பத்தியை மூன்று தடவை படிப்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது அல்லது ஒதுங்கி உட்கார்ந்துவிடுவது. உங்கள் மகள் பேசாமல் இருப்பதற்கு உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும்தான் காரணமா என்று நான் கேட்பது இதனால்தான். இருக்கலாம், அவளுடைய கோபத்துக்கு நியாயமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் தலையில் அடிபட்ட வாரத்தில் ஒரு பிள்ளையின் சுபாவம் மாறினால் அதைக் கோபம் என்று நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாது.

ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்று சிலர் நிம்மதியாக வந்துவிடுகிறார்கள். ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கிறதா என்று. மூளை அதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. ஆகவே 'ஸ்கேன் நார்மல்' என்றால் 'நாளைக்கு ஆடலாம்' என்று அர்த்தம் கிடையாது. வலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறுவது, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, வலிப்பு, எழுப்பினால் சரியாக எழாதது, இதில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும், காலைவரை பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை.

முதல் அடி ஆறுவதற்கு முன்பே இரண்டாவது அடி விழுந்தால் வருவதுதான் பெரிய ஆபத்து. அரிதானது, ஆனால் இளவயதினருக்கு மூளை வீங்கி உயிரே போகிற அளவுக்கு ஆனது உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் பேசவும் நிற்கவும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் பெயரால் 2009இல் அங்கே வந்தது லிஸ்டெட் சட்டம். சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடு, மருத்துவத் துறையில் தகுதி உள்ளவர் எழுத்தில் தராமல் திரும்ப உள்ளே விடாதே, தலைக்காயம் பற்றிய தகவல் தாளில் பெற்றோரும் பிள்ளையும் வருஷாவருஷம் கையெழுத்துப் போட வேண்டும், இவ்வளவுதான் அதன் சாரம். 2014க்குள் அங்கே 50 மாநிலங்களிலும் இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, மண்டைக்குள் நடப்பது ஒன்றேதான்.

இப்போது நீங்கள் அனுப்பிய தாளின் படத்துக்கு வருவோம். நீங்கள் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது மூன்று விதிகளின் கீழ். நான் கோடு போடுவதாக இருந்தால் நீங்கள் தொடவே தொடாத 14ஆவது விதியின் கீழ்தான் போடுவேன்: 'காயமடைந்த மாணவர் ஆடலாமா என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வார், அவருடைய முடிவே இறுதியானது.' கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த முடிவு அவர் கையில் இருக்கக் கூடாது. அவர் டாக்டர் இல்லை என்பது ஒரு காரணம். ஜெயிக்க வேண்டியவர் அவர் என்பது அதைவிடப் பெரிய காரணம். மூன்றாவது செட், 15 பாயிண்ட், ஸ்கோர் 9க்கு 11, பெஞ்சில் நன்றாக ஆடக்கூடிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் எந்தக் கோச்சின் கண்ணுக்கும் அவள் ஆரோக்கியமாகத்தான் தெரிவாள்.

எனக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு அரையிறுதியில் கணுக்கால் பிசகிய பையனை மைதானத்து ஓரமாக 'ஓடிக் காட்டு பார்ப்போம்' என்றேன். ஓடினான். திரும்பி வரும்போது கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் 'வலிக்குதாடா?' என்று கேட்டேன், அவன் 'இல்ல சார்' என்றான். ஆடத் துடிக்கிற பையனிடம் அப்படிக் கேட்டால் வேறென்ன சொல்வான்? ஆறாவது நிமிஷத்தில் திரும்ப விழுந்தான், அதோடு அந்த வருஷம் முடிந்தது. ஆட்டத்தில் ஜெயித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால்தான் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணுக்கால் என்பதால் தப்பித்தேன்.

இந்த விஷயத்தில் கோச்சை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மோதல் அவர் கண்முன் நடந்திருக்கிறது, அன்றே அவளை நிறுத்தி, வீட்டுக்குத் தகவல் சொல்லி, டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். அது அவர் தவறு. ஆனால் மறுநாள் தலைவலி வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது 'சொல்லாமல் வராத நாள்'. அந்த விதிப்படி இரண்டு செட் உட்கார வைத்தார், தண்டனை முடிந்தது என்று மூன்றாவதில் இறக்கினார். செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் 'நேற்று மோதினதிலிருந்து தலைவலி, இன்று வர மாட்டாள்' என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார், நீங்களும் எழுதும்போதே யோசித்திருப்பீர்கள்.

நீங்கள் கோடு போட்ட முதல் விதி எதற்கு இருக்கிறது என்பது இதிலேயே வந்துவிட்டது. வராததற்குத் தண்டனை இல்லை, சொல்லாததற்குத்தான். வாலிபாலில் தளத்தில் ஆறு பேர் ஒருவர் காலடியை ஒருவர் பார்த்து நகர வேண்டும். நடுவில் விழும் பந்து யாருடையது என்பதைப் பயிற்சியில் நூறு தடவை செய்துதான் பழகுகிறார்கள். ஒருத்தி இல்லாமல் அந்த வரிசையைப் பழகிவிட்டு ஆட்டத்தன்று அவளை நுழைத்தால் குழப்பம்தான், சில சமயம் மோதலும்கூட. வருவாள் மாட்டாள் என்று முன்கூட்டித் தெரிந்தால் கோச் அதற்கேற்ப ஆளை மாற்றிப் பழக்குவார். ஆகவே இந்த விதியை எதிர்த்து எங்கேயும் போகாதீர்கள், நிற்காது. ஒன்று மட்டும் கேட்கலாம்: காயம், உடம்புக்கு முடியாதது, பரீட்சை இவை இந்த விதிக்குள் வராது என்று எழுத்தில் சேர்க்கச் சொல்லலாம். பெரும்பாலான பள்ளிகள் ஒத்துக்கொள்ளும், அவர்களுக்கும் அது பாதுகாப்பு.

அப்புறம் ஒன்று. சொல்ல வேண்டியது அவள். 16 வயதுப் பெண் 'சார், இன்று முடியவில்லை' என்று தானே கோச்சிடம் சொல்லப் பழக வேண்டும். அப்பா சொல்லி அப்பா கேட்டு அப்பா சண்டை போட்டுக்கொண்டிருந்தால் கோச்சுக்கு அவள் அணியில் ஒரு ஆளாகத் தெரிய மாட்டாள், உங்கள் பெண்ணாக மட்டும்தான் தெரிவாள். தலையில் அடி மாதிரியான விஷயத்தில் நீங்களும் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். மற்றதை அவளிடம் விடுங்கள்.

வெளி கிளப் கூடாது என்ற விதியைப் பள்ளியின் அராஜகம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் எழுதியபடியே பள்ளிப் பயிற்சி வாரத்துக்கு 10 மணி நேரம், ஆட்டங்கள் வார்ம்அப்போடு சேர்த்து 4, சனி ஞாயிறு தனி கோச்சிங் 6. மொத்தம் 20, ஓய்வு நாள் பூஜ்யம். பிள்ளைகளின் விளையாட்டு மருத்துவத்தில் ஒரு எளிய அளவுகோல் சொல்வார்கள்: வாரத்தில் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்கு 16. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் சொன்னது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும், வருஷத்தில் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்தாவது, அதைத் தொடாமல் இருக்க வேண்டும். குதிக்கிற விளையாட்டில் முழங்கால் சில்லுக்குக் கீழே வருகிற வலிக்கு 'ஜம்பர்ஸ் நீ' என்றே பெயர். திரும்பத் திரும்பக் குதிப்பதும் ஓய்வில்லாததும்தான் அதைக் கொண்டுவருகிறது. இரண்டு கோச், இரண்டு அட்டவணை இருந்தால் அவளுடைய மொத்தக் குதிப்பை யாருமே எண்ணுவதில்லை, பள்ளிக் கோச் லேசாகக் கொடுத்த மறுநாள் கிளப் கோச் பிழிந்து எடுப்பார். இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சீசன் முடிந்த பிறகும் ஆடக் கூடாது என்று நீட்டினால் அது பள்ளியின் வேலை இல்லை, அப்போது கேளுங்கள்.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 13லிருந்து 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளி, பயிற்சி, டியூஷன், கிளப், வீட்டுப்பாடம் எல்லாம் போக உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று நான் கேட்கவில்லை, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 24 மணி நேர விதி. இது பல பள்ளிகளில், கிளப்புகளில் உண்டு, உங்கள் பள்ளி கண்டுபிடித்தது இல்லை. ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் கோச்சுக்கும் புத்தி ஒரு நிலையில் இருக்காது, பெற்றோருக்கும் இருக்காது. நீங்கள் இறங்கிப் போன அந்த நிமிஷத்தை உங்கள் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். தோற்ற அணி, பன்னிரண்டு பேர், ஒரு மூலையில் உட்கார்ந்து முழங்கால் பேடைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்கிறது. 'என் பொண்ண எறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்' என்று நீங்கள் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குப் பதிலாக முதல் இரண்டு செட் ஆடிய பெண் அவளுக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருப்பாள்? மறுநாள் பஸ்ஸிலும் அவளோடுதான் போக வேண்டும். மகள் பேசாததற்கு நியாயம் இருக்கிறது என்றேனே, அது இதுதான்.

அரங்குக்கு வரக் கூடாது என்ற கடிதத்தை எதிர்க்காதீர்கள். இரண்டு ஆட்டம்தானே, போகாமல் இருங்கள். அதைவிட முக்கியம், கோச்சுக்கு நான்கு வரி எழுதுங்கள். 'அன்று நான் கத்தியது தவறு, மன்னிக்கவும்.' அதோடு நிறுத்துங்கள். 'ஆனாலும்' என்று அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தால் முதல் வாக்கியம் செத்துவிடும்.

யாருக்கு எவ்வளவு ஆட்ட நேரம் என்று பெற்றோர் கேட்கக் கூடாது என்பதுதான் உங்களுக்கு அதிகம் வலிக்கிறது, தெரிகிறது. அதில் கொஞ்சம் நின்று பேசலாம். சர்வதேச விதிப்படி வாலிபாலில் ஒரு செட்டுக்கு ஆறு தடவைதான் ஆள் மாற்றலாம், ஆரம்பத்தில் இறங்கியவள் வெளியே போனால் அந்த செட்டில் ஒரு தடவைதான் திரும்ப வரலாம், அதுவும் தன் இடத்தில் வந்தவளுக்குப் பதிலாகத்தான். பள்ளிப் போட்டிகளில் எண்ணிக்கை கொஞ்சம் மாறலாம், கட்டுப்பாடு என்பது எங்கும் உண்டு. நீங்கள் மேலிருந்து 'இப்ப எறக்குங்க' என்று கத்துகிற நேரத்தில் அவர் கையில் மாற்றமே மிச்சம் இல்லாமல் இருந்திருக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் சமமாக ஆட்டம் கொடு என்பது பத்து வயது அணியில் நியாயமான கோரிக்கை, அங்கே நானே கேட்பேன். உயர்நிலைப் பள்ளியின் முதல் அணியில் கோச் பார்ப்பது யார் எந்த இடத்துக்குப் பொருந்துகிறார்கள் என்பதை. அதில் அவர் தப்புக் கணக்குப் போடலாம், போடுவார், நானும் நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாதம் பெற்றோர் நடத்த வேண்டியது இல்லை, ஏனென்றால் 'என் பிள்ளைக்குக் கூடுதல் நேரம்' என்று ஒரு அப்பா கேட்பதன் அர்த்தம் 'அந்தப் பிள்ளைக்குக் குறைவான நேரம்' என்பதுதான், அந்தப் பிள்ளையின் அப்பா உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் மகள் கேட்கலாம். கேட்க வேண்டிய விதமும் உண்டு. 'ஏன் சார் என்னை இறக்கல?' என்றால் கோச் தற்காப்புக்குப் போய்விடுவார். 'முதல் ஆறில் வர நான் எதில் தேற வேண்டும் சார்?' என்று கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்: சர்வ் எடுக்கும்போது கை வளைகிறது, பிளாக்குக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்துவிடுகிறாய், இப்படி ஏதாவது உருப்படியாக. இரண்டு வாரம் கழித்து 'இப்போ எப்படி சார்?' என்று திரும்பக் கேட்கலாம். இதற்கும் பதில் சொல்லாத கோச் என்றால் அது அவர் குறைதான்.

பெற்றோர் கேட்கக் கூடியவை, கேட்டே தீர வேண்டியவை வேறு. பிள்ளையின் உடம்பு, காயம், பாதுகாப்பு. மார்க் இறங்குவது. வெயிலில் தண்ணீர் குடிக்க விடாமல் ஓட விடுவது. எல்லார் முன்னாலும் எடை பார்த்துக் கிண்டல் செய்வது. கெட்ட வார்த்தை, அடி, தேவையில்லாமல் தொடுவது, ராத்திரியில் தனியாக மெசேஜ் அனுப்புவது. வெளியூர் ஆட்டத்துக்கு யாரோடு போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர் யாராவது போகிறாரா என்பது. இதற்கெல்லாம் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம், எந்த விதித் தாளும் உங்கள் வாயைக் கட்ட முடியாது. அடி, தேவையில்லாமல் தொடுவது, ராத்திரி மெசேஜ் இவற்றில் ஒன்று நடந்தால் கோச்சிடம் பேசிக்கொண்டிருக்காமல் நேரே பள்ளி நிர்வாகத்திடம் போங்கள், தேவைப்பட்டால் போலீஸுக்கும்.

ஆகவே தலைமை ஆசிரியரிடம் போகலாமா என்ற கேள்விக்குப் பதில்: போகலாம், ஆனால் முதலில் கோச்சிடம். மன்னிப்புக் கடிதம் போய் இரண்டு நாள் கழித்து, நேரம் கேட்டு, பயிற்சி இல்லாத வேளையில், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 14ஆவது விதியை மட்டும் பேசுங்கள். தலையில் அடி என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும், டாக்டர் எழுதித் தராமல் இறக்கக் கூடாது, மாற்றி எழுத முடியுமா என்று கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் இருவரும் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் போகலாம். மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். அந்த அறையில் 41 பாயிண்ட் என்று ஒரு தடவை வாயைத் திறந்தாலும் காரியம் கெட்டுவிடும், 'பொண்ண ஆட வைக்கலன்னு வந்திருக்கார்' என்று முடித்துவிடுவார்கள்.

டாக்டர் மூளை அதிர்ச்சி என்று சொல்லியிருந்தால் திரும்ப ஆட வருவது படிப்படியாகத்தான். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போன், டிவி குறைவாக, ஆனால் இருட்டறையில் அடைத்துப் போட வேண்டாம், வீட்டுக்குள் நடமாடலாம். அப்புறம் லேசான நடை, சைக்கிள். அப்புறம் தனியாகப் பந்தோடு கொஞ்சம் ஓட்டம். அப்புறம் யார்மேலும் மோத வாய்ப்பில்லாத பயிற்சி. டாக்டர் எழுதித் தந்த பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். ஒரு படியில் தலைவலி திரும்ப வந்து ஏறினால் ஒரு படி கீழே. வகுப்பில் முழு நாள் சிரமமில்லாமல் உட்கார முடிந்த பிறகுதான் முழு விளையாட்டு. அவள் வயதில் சரியாக நான்கு வாரம்வரைகூட ஆகலாம். மேட்ச் இருக்கிறது என்று ஒரு படியைத் தாண்டாதீர்கள், அவளே கெஞ்சினாலும்.

அந்தப் பவுடர் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டப்பாவின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1999இல் தொடங்கிய உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி, உடம்பில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் அது எப்படி வந்தது என்பது அப்புறம், முதலில் பொறுப்பு ஆட்டக்காரருடையது. 'ஜிம்மில் கொடுத்தார்கள், அப்பா வாங்கினார்' என்று அவள்தான் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். நிறுத்திவிடுங்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. உண்மையிலேயே ஏதாவது குறை இருந்தால் டாக்டர் சொல்லட்டும்.

மகளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆட்டத்தைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், கோச்சைப் பற்றியும் வேண்டாம். 'அன்னிக்கு நான் கத்தினது உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்மா' என்று சொல்லிவிட்டு அவள் பதில் சொல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அவளே வருவாள், அல்லது வர மாட்டாள், மூன்றாவது நாள் தண்ணீர் பாட்டில் எங்கே என்று கேட்பாள், அதுவும் பேச்சுதான்.

அந்த 41 பாயிண்ட் எழுதிய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். புதுப் பக்கம் எடுத்து மோதல் நடந்த திங்கட்கிழமையின் தேதியைப் போடுங்கள். எப்படி மோதினாள், எந்தப் பக்கம் பட்டது, எப்போது வலி ஆரம்பித்தது, வாந்தி இருந்ததா, அன்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள். அவளைக் கேட்டு எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். அடுத்த நாளுக்கு அடுத்த வரி. டாக்டரிடம் போகும்போது அதை மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்கப் போவது இதைத்தான்.